நாற்பத்து மூணு மாடல், சிங்கிள் ஓனர்

“குளிர்காலத்தில் காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். பின்பக்கம் கொஞ்சம் ஒழுகும்” என்று வாசித்து முடித்த பிறகுதான், தான் இன்னும் மரண அறிவித்தலில் இருக்கிறோம் என்பது கர்டிஸுக்கு உறைத்தது.

மைக் திறந்திருந்தது. டோலன் ஊரே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ரேடியோ கேட்கிற நேரம். தட்டச்சு செய்த முதல் பக்கத்தில் ஒரு வம்பும் இல்லை. டெல்மர் வோண்ட்ரா, வயது எண்பத்தொன்று, திங்களன்று காலமானார், மனைவி ரோசலி. பக்கத்தைப் புரட்டினால் யாருடைய கையெழுத்திலோ, “நாற்பத்து மூணு மாடல். சிங்கிள் ஓனர்.” ஒரு மனுஷன் செத்ததைச் சொல்கிற லட்சணமா இது?

ஊரார் பழைய சாமான்களை விற்க வாங்க, காலையில் நடந்த ‘கொடுக்கல் வாங்கல்’ நிகழ்ச்சியின் தாள்கள் அதே மேஜையில்தான் இறைந்து கிடந்தன. யாரோ டிராக்டர் விற்கிற தாள் இதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜாம் பன்னை இந்த மேஜையில் வைத்துத் தின்னாதீர்கள் என்று மனைவி ஜனெல் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால்தானே.

கர்டிஸ் தாளைத் தள்ளிவிட்டு, கைக்கு அகப்பட்ட இசைத்தட்டைப் போட்டான். அது பொல்கா. ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் ஆடுகிற ஆட்டம். அக்கார்டியன் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

மாமனார் மைலோ கதவைத் திறந்தார். நிலையம் அவருடையது. நாற்பது வருஷம் மரண அறிவித்தலை அவர்தான் வாசித்தார், பார்க்க ஆளே இல்லாவிட்டாலும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின், இந்த வாரம்தான் மைக்கை மருமகனிடம் கொடுத்திருந்தார். இந்த மைக்குக்காகத்தான் கர்டிஸ் பன்னிரண்டு வருஷம் கடைகடையாக ஏறி விளம்பரம் பிடித்தான்.

“டெல்மருக்குப் பின்பக்கம் ஒழுகுதா, மாப்ளே?”

“தாள் மாறிப்போச்சு மாமா.”

“தினமும் காலையில நம்ம கொடுக்கல் வாங்கலுக்கு போன் போட்ட மனுஷன். விக்க ஒண்ணும் இல்லேன்னா ஓட்டை வாளியையாவது விக்கிறேம்பார். அவருக்குப் போய் பொல்கா போடுறியே.”

“இப்பவே திருத்திடுறேன்.”

“திருத்து. வோண்ட்ரா வீட்லேருந்து ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, நாளையிலேருந்து நீ மைக்கைத் தொடக்கூடாது. டவருக்கடியில புல்லு வெட்டப் போயிடு.”

கர்டிஸ் பாட்டை நிறுத்தினான். “நேயர்களே, ஒரு திருத்தம். ஒழுகுவது டெல்மர் அல்ல, டிராக்டர். டெல்மர் நல்ல நிலையில்...” நாக்கு அங்கேயே நின்றது. “டெல்மர் காலமாகிவிட்டார். டிராக்டர்தான் நல்ல நிலையில் இருக்கிறது.”

மைலோ தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

போன் அடித்தது. “அந்த நாப்பத்து மூணு என்ன விலைப்பா?” என்றது ஒரு குரல்.

வைத்த கையோடு அடுத்தது. “மனுஷன் போயி ரெண்டு நாள் ஆகல. அதுக்குள்ள ரோசலி அவரு வண்டிய விக்கிறாளா?”

“ஐயோ, அது அவரு வண்டி இல்லீங்க.”

“அப்ப யாரு வண்டி?”

அது கர்டிஸுக்கு மட்டும் தெரியுமா என்ன? இந்த ரோதனை ஓயட்டும் என்று மைக்கைத் திறந்து, “டிராக்டர் விற்றாகிவிட்டது” என்று ஒரே போடாகப் போட்டான்.

அதே குரல் திரும்ப வந்தது. “வித்தே போட்டாளா? கல்லு மனசு அவளுக்கு.”

ஜனெல் வந்து போன் வயரைப் பிடுங்கினாள். “தயவுசெஞ்சு இனிமே எதையும் திருத்தாதீங்க. நீங்க ஒண்ணு திருத்தினா ரெண்டு கெடுது. நேராப் போய் அந்தம்மா கால்ல விழுங்க.”

“என்னன்னு சொல்றது?”

“உண்மையச் சொல்லுங்க. அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போங்க, அப்பத்தான் நம்புவாங்க.” சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று, மத்தியானத்துக்குச் சுட்டு வைத்திருந்த உருளைக்கிழங்கும் கறியும் பாத்திரத்தோடு அவன் கைக்கு வந்தது. அவன் இன்னும் சாப்பிடவில்லை என்பதைக் கேட்க ஆளில்லை.

வோண்ட்ரா வீட்டுச் சமையலறையில் உறவு ஜனம் முழுக்க ஒரு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அழுத கண்கள். கர்டிஸ் பாத்திரத்தை வைக்க இடம் தேடி, கிடைக்காமல், அதைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

“ரோசலியம்மா, மன்னிச்சிடுங்க. எவனோ டிராக்டர் விக்கிற தாள் நடுவுல புகுந்துக்கிச்சு. கையெழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி. ஆளு யாருன்னு தெரிஞ்சா நானே நாலு வார்த்தை கேப்பேன்.”

ரோசலி தாளை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஓரத்தில் இருந்த ஜாமை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவரே எழுதினது தம்பி, அவரைப் பத்தித்தான்” என்றாள். “இருக்கறதுலயே நல்ல வரிக்கு முன்னாடி நிறுத்திப்புட்டியே: ‘விலை வேண்டாம், சனிக்கிழமை பத்து மணிக்கு மாதா கோயிலுக்கு வந்து தூக்கிட்டுப் போக ஆறு பேர் வேணும்.’”