உப்புப் பார்க்கும் உரிமை

அசனத்துக்கு மூன்றே நாள் இருக்கையில், உப்புப் பார்க்கும் பொறுப்பு ஞானதாசனின் கையை விட்டுப் போனது.

அசனம் என்பது ஆலய வளாகத்தில் சபையார் அனைவரும் கூடி உண்ணும் ஆண்டு விருந்து. பந்திக்கு முன் ஆட்டுக்கறியின் சாற்றை உள்ளங்கையில் ஊற்றி, நக்கிப் பார்த்துத் தலையசைப்பதற்கென்று ஒருவர் உண்டு. பதினோரு ஆண்டுகளாக அவர் ஞானதாசன். கல்லறைத் தோட்டக் கமிட்டியில்கூட இடம் கிடைக்காத அவருக்கு, உலகில் இருந்த ஒரே பதவி அதுதான்.

"இந்த வருசம் ஜெபதாஸ் பாக்கட்டு ஓய்," என்றார் சபைச் செயலாளர் எட்சன்.

"என்ன குற்றம் கண்டீரு?"

"குற்றம் ஒண்ணும் இல்ல. ஒரு மாற்றம்."

"விளக்கம் கேக்காம நீக்குனா இயற்கை நீதிக்கு விரோதம். முப்பத்திரண்டாம் பிரிவுல நேரே டெல்லிக்குப் போவேன்."

"போவும். பந்திக்கு முன்ன திரும்பி வந்திரும்."

ஓய்வு பெற்றபின் அரசமைப்புச் சட்டத்தை வரிவரியாகக் கற்றுத் தேர்ந்த ஞானதாசன், குழித்துறையில் வக்கீலாக இருக்கும் தம்பி மகள் ஸ்மைலினைப் போனில் அழைத்தார்.

"பெரியப்பா, முப்பத்திரண்டு அடிப்படை உரிமைக்கு உள்ளது. உப்பு பாக்கது அதுல வராது."

"அப்ப அப்பீலு?"

"அதுக்கு மொதல்ல கீழ்க்கோர்ட்டுல தோக்கணும். பின்ன ஐகோர்ட்டுல தோக்கணும். அதுக்குப் பொறவும் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனசு இருந்தாத்தான் எடுக்கும்."

"மூணு நாளுல எத்தனை கோர்ட்டுல தோக்க முடியும் மக்கா?"

ஆகவே சபைக்கென்றே ஓர் உச்ச நீதிமன்றம் வேண்டும் என்று ஞானதாசன் மனுக் கொடுத்தார். தொல்லை ஒழிந்தால் போதும் என்று எட்சன் கையெழுத்திட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கிரேசி டீச்சர் தலைமை நீதிபதியானார். தீர்ப்பு வரும்வரை ஞானதாசனும் ஜெபதாஸும் அகப்பையைத் தொடக் கூடாது என்பது அவருடைய முதல் ஆணை.

உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஞானதாசன் புத்தகத்தை விரித்துக் காட்டினார். எல்லா வீடுகளையும் கட்டுப்படுத்தும் என்று டீச்சர் தாமாகவே சேர்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் பத்தொன்பது மனுக்கள் வந்து குவிந்தன. முதல் மனு ஞானதாசனின் மனைவி பூங்கனியுடையது.

"முப்பது வருசமா இவரு தான் குடிச்ச கிளாஸை ஒரு நாளும் கழுவல்ல டீச்சர்."

"இண்ணு முதல் கழுவணும்," என்றார் டீச்சர்.

"அப்பீலு உண்டா?" என்றார் ஞானதாசன்.

"எனக்கு மேல ஆரு இருக்கா?"

ஞானதாசன் கிளாஸைக் கழுவினார்.

சனிக்கிழமை எட்சன் ஒரு குறுக்குவழி கண்டார். "வழக்கு ஆட்டுக்கறிக்குத்தானே? இந்த வருசம் கோழி!" அறுபது கோழிகள் ஓய்வுநாள் பள்ளி அறையில் வந்து இறங்கின.

ஞானதாசன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "டீச்சர், அடிப்படைக் கட்டமைப்பு! சட்டத்தைத் திருத்தலாம், ஆனா அதைத் தொட முடியாது!"

"ஆடுதான் கட்டமைப்பு," என்று தீர்ப்பாயிற்று. கோழிகள் அறையை விட்டு வர மறுத்தன.

ஞாயிறு நண்பகல். எண்ணூறு பேர் தட்டுடன் காத்திருக்க, முழுமையான நீதி வழங்கும் நூற்று நாற்பத்திரண்டாம் பிரிவின்படி டீச்சர் இறுதித் தீர்ப்பை வாசித்தார். உப்புப் பார்க்கும் உரிமை ஞானதாசனுக்கே. அவர் சொல்லே முடிவு.

ஜெபதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞானதாசன் வேட்டியைச் சரிசெய்து, அண்டாவை அணுகி, சாற்றை உள்ளங்கையில் ஏந்தி, கண்களை மூடி நக்கினார். எண்ணூறு பேரும் மூச்சடக்கினர்.

"கச்சிதம்!"

கைதட்டல் எழுந்தது. பூங்கனிகூடத் தட்டினாள்.

"எழுதிக்கோ எட்சன்," என்றார் டீச்சர். "இனி ஒருத்தரும் இதுல ஒரு கல்லு உப்பு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதுக்கு மேல அப்பீல் இல்ல."

அடுப்பருகே நின்ற சமையற்காரர் பேபி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"டீச்சர்... உப்பு இனிதான் போடணும்."