துப்பறிவாளர் விழுங்கிய டீ

உத்திரமேரூரிலேயே அதிகமாக டீயை வாயில் வைத்தவர் அவர்தான். ஒரு சொட்டைக்கூடத் தொண்டைக்குள் இறக்காதவரும் அவர்தான். நாளைக்கு நாற்பது தடவை உறிஞ்சுவார், நாற்பது தடவை துப்புவார். துப்பித் துப்பியே எந்த இலை எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று அறிந்துவிடுவார் என்பதால் அவருக்குத் துப்பறிவாளர் என்று நான்தான் பெயர் வைத்தேன். பெயர் என் கையை மீறிப் போய்விட்டது. பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து ஒருவர், மொபெட் காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அவர் முன்னால் கைகட்டி நின்றார். இவர் அவரை உட்காரவைத்து, மூன்று வகை டீயை ருசி பார்க்கவைத்து, கால் கிலோ இலையை வாங்கவைத்து அனுப்பிவிட்டார். மொபெட் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

இளவயதில் மலையில் ஒரு டீ ஃபேக்டரியில், ருசி பார்க்கும் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். கழுவியபடியே பார்த்துப் பார்த்து வித்தையைக் கற்றுக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ இலையைச் சில்லறையில் விற்கும் கடை போட்டார். மாடியில் என்னுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எங்கள் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் தூள். இவரிடம் தூளைத் தவிர எல்லாம் இருந்தது. சுருண்ட இலை, உடைந்த இலை, பச்சை இலை, வெள்ளை முடி வைத்த மொட்டு. யாராவது வந்து தூள் கேட்டால் முகம் மாறிவிடும்.

"தூளு இன்னா தெரியுமா நைனா? சல்லடைக்குக் கீய வுளுந்தது. நீ நெல்லு கேட்டா நான் தவுடு குடுப்பனா?"

வந்தவர் தவிடே போதும் என்று வேறு கடைக்குப் போய்விடுவார்.

இலையை வாங்குவதற்கு முன் ருசி பார்த்தாக வேண்டும் என்பது அவர் சட்டம். ஆறு வெள்ளைக் கோப்பைகளில் இலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடுவார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஐந்து நிமிடம் ஊற வேண்டும். ஆனால் கடையில் கடிகாரம் கிடையாது. மாடியில் என் மாணவர்கள் ஒரு பக்கம் அடித்து முடித்துத் தாளை உருவும் சத்தம்தான் அவருக்குக் கணக்கு. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் எழுத்தைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். துப்பறிவாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இன்னா மாஸ்டரே, இந்தப் பொண்ணு இந்த ஸ்பீடுல போனா கீய எலை கஷாயமாப் பூடும். வேற யாரனா ஒக்கார வையி."

அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை.

மூடியைத் திறந்ததும் கரண்டியில் எடுத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். சைக்கிள் டியூப் வெடித்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு கண்ணை மூடி, வாய்க்குள் டீயை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அனுப்பி, நாலடி தள்ளியிருக்கும் பெயின்ட் டப்பாவில் குறி தவறாமல் துப்புவார். செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள், முன்ஜாக்கிரதையாக அடுத்த பக்கத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

கடைக்குள் துப்பினால் தொழில். ஒரு தடவை பக்கத்து டீக்கடையில் போய்த் துப்பிவிட்டார். பல்லி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, எட்டுப் பேர் எட்டு கிளாஸையும் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைக்காரர் கரண்டியோடு துரத்தினார். துப்புவது மரியாதை என்று இவர் ஓடிக்கொண்டே விளக்கினார். மட்டமான டீயை அவர் வாயிலேயே வைக்க மாட்டாராம், அதற்கு மூக்கே போதுமாம். அந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளும் நிலையில் கடைக்காரர் இல்லை.

இப்படிப்பட்டவரைத்தான் நான் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேறு வழியில்லை. எனக்கு அப்பா கிடையாது, மாமாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலத்தில் டைப் அடிக்கக் கற்றுத்தருகிறவனுக்கு யார் பெண் தருவார்கள் என்று நான்கு வரன்கள் தட்டிப்போயிருந்தன. வயது முப்பத்திரண்டு. இந்தத் தென்னேரிப் பெண்ணும் தட்டிப்போனால் இனி ஊர் ஊராக அலைவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரியவராக ஓர் ஆண்பிள்ளை கூட வந்தால் கௌரவமாக இருக்கும் என்றும் சொன்னாள். பஸ்ஸில் போகும்போதே நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே போய்த் துப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். தன் ஆறு கோப்பைகள் மீதும் சத்தியம் செய்து கொடுத்தார்.

டீக்காரர் வருகிறார் என்று அந்த வீட்டில் ஸ்பெஷலாக டீயே போட்டிருந்தார்கள். பெண் தட்டோடு வந்தாள். பால் அடிப்பிடித்த வாசனை அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எனக்கே தெரிந்தது என்றால் அந்த மூக்குக்குத் தெரியாதா? கிளாஸை எடுத்தார். மோந்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயில் ஊற்றிக்கொண்டார்.

அதோடு நின்றுவிட்டது. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. இருபது வருஷமாகத் துப்பிய வாய்க்கு விழுங்குவது எப்படி என்று மறந்துபோயிருக்க வேண்டும். கண்கள் மட்டும் சன்னல், பூந்தொட்டி, மூலையிலிருந்த பித்தளைச் செம்பு என்று வீடு முழுக்கச் சுற்றின. நான் அவசரமாக, டீ பிரமாதம் என்றேன்.

பெண்ணின் அப்பா அவர் பக்கம் திரும்பினார். "பெரியவரே, பையன் எப்டி? நீங்கதான் கூடவே கீறீங்க."

பதில் இல்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் பதில் இல்லை. பெண்ணின் அப்பா முகத்தில் சந்தேகம் ஏறியது. பையனிடம் ஏதோ கோளாறு, சொல்லத் தயங்குகிறார் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. ஐந்தாவது வரனும் போயிற்று என்று அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மடக். துப்பறிவாளர் விழுங்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டீ அடி புடிச்சி கீது," என்றார். "பிரமாதம்னு பையன் சொன்னது பொய்யி. ஆனா ஒம்போது வருசமா இவன் கூட கீறேன். இவன் சொல்லி நான் கேட்ட பொய்யி இது ஒண்ணுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பெண்ணின் குரல்.

"அடி புடிச்சது நெசந்தான்பா. பயந்துகினே போட்டேன்."

அவள் அப்பாவும் சிரித்தார். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம். திரும்பி வரும்போது வாலாஜாபாத்தில் பஸ் மாற இறங்கியவர், வயிற்றைத் தடவிக்கொண்டு, "மாஸ்டரே, ஒனக்கோசரம் முயுங்கினேன்," என்று மட்டும் சொன்னார்.

கல்யாணமாகி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சொல்லிவைத்திருந்தபடி, என் மனைவி ஒரு பெயின்ட் டப்பாவைக் கழுவித் துடைத்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது கடைக்கும்மா. வூட்டுக்கு இல்ல."

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். பாதி நாள் பால் அடிப்பிடிக்கும். இதைப் படித்தால் என் மனைவி கால்வாசி நாள் என்று திருத்துவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார், விழுங்கிவிட்டு அடிப்பிடித்திருக்கிறது என்பார், இன்னொரு கிளாஸ் கேட்பார். கடைசிவரை உத்திரமேரூரில் அவர் துப்பாத வீடு எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.