இடதுபக்கம் திரும்பிய அறுபது பேர்

காலை எட்டரை மணிக்கு, புதிதாகப் போட்ட இடது தடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. சரியாக அம்புக்குறியின் மேல். வண்டியே வராத இடம் எது என்று ஊரில் அதற்குத்தான் முதலில் தெரிந்தது.

பக்கத்துத் தடத்தில், நேராகப் போக வேண்டிய வண்டிகள் பெட்ரோல் பங்க் வரை நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இடதுபக்கம் திரும்புகிறவர்களுக்கென்று தனித்தடம் பிரித்துக் கொடுத்த உதவிப் பொறியாளர், யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று சாதாரணச் சட்டையில், நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். தூண் ஒல்லி, அவர் அப்படியில்லை.

போன் அடித்தது. தலைமைப் பொறியாளர்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா உன்னை மறுபடி சாக்கடைப் பிரிவுக்கே அனுப்பிடுவேன்."

பொறியாளர் தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். பதினோரு வருஷம் அந்தப் பிரிவில் குழிக்குள் தலையை விட்டுக் கிடந்தவர், இப்போதுதான் மேலே வந்து வெயிலைப் பார்த்திருந்தார்.

"சார், போன மாசம் ரெண்டு நாள் நானே நின்னு எண்ணினேன் சார். நூத்துக்கு அறுபது வண்டி இடதுபக்கம்தான் திரும்பிச்சு."

"அந்த அறுபதும் இப்ப எங்கய்யா?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிரும். பளபளக்கும் பச்சை மேலங்கி, தொப்பி, கையில் நோட்டு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. படித்த படிப்புக்கு அன்றுதான் ஒரு மரியாதை கிடைத்ததாக அவருக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி காத்திருந்தார். பள்ளி ஆசிரியை, தினமும் அந்தச் சந்திப்பில் நேராகப் போகிறவர்.

"உங்க தடத்தால இன்னைக்கும் லேட்டு. ஹெச்.எம். என்னைப் பார்த்த பார்வை இருக்கே!"

"எண்ணிக்கை பொய் சொல்லாதும்மா."

"எண்ணினவரு?"

மறுநாள் அவர் அம்பை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். அதுவரை தடம் காலியாக இருப்பதைக் கவனிக்காதவர்களும் கவனித்துவிட்டார்கள். நேராகப் போகிறவர்கள் அதில் பாய்ந்து வந்து, சிக்னலில் பக்கத்துத் தடத்துக்குள் மூக்கை நுழைத்தார்கள். இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு தடங்களுக்கும் நடுவே வரிசையாகக் கூம்புகளை வைத்தார். இப்போது உள்ளே நுழைந்தவர்கள் வெளியே வர முடியாமல் இடதுபக்கம் திரும்பி, சந்து சந்தாகச் சுற்றி, பழைய வரிசையின் வாலிலேயே வந்து நின்றார்கள். அதில் அவருடைய மனைவியும் ஒருவர்.

"காலியா இருக்கேன்னு ஒரு தடவை நுழைஞ்சேன். அடுத்த ரெண்டு தடவையும் லாரிக்காரன் உள்ள தள்ளிட்டான். மூணாவது சுத்துல அந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டுது! அதுக்கே நான் பழகிட்டேன்."

கடைசியாக இடது தடத்துக்குப் பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டினார். நேர்த்தடத்துக்கு அது குறைந்தது. வரிசை பெட்ரோல் பங்கைத் தாண்டி, தலைமைப் பொறியாளர் வீட்டு வாசலைத் தொட்டது.

"யோவ் அம்புக்குறி! என் வீட்டு கேட்டைத் திறக்க முடியல!"

ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் மேலிடம் வரைக்கும் போய்விட்டது என்று பொறியாளருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. மறுபடி எண்ணு. நானே வந்து பார்க்கறேன். அறுபது வரலைன்னா நேரா சாக்கடைதான்."

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நான்தான் தப்பா எண்ணியிருப்பேன். வலது எது, இடது எதுன்னு எனக்குத் தெரியுதான்னே சந்தேகமா இருக்கு" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவிக்கே பாவமாகிவிட்டது. பச்சை மேலங்கியைத் துடைத்துக் கொடுத்தார்.

"போங்க. எது வந்தாலும் நிமிர்ந்து நில்லுங்க."

வெள்ளிக்கிழமை அவர் ஒளியவில்லை. மேலங்கி, தொப்பி, நோட்டு சகிதம் நட்டநடுவில் நிமிர்ந்து நின்றார். நாலு கோடு போடுவோம், பிறகு மானத்தோடு சாக்கடைக்குப் போவோம் என்று முடிவு செய்திருந்தார்.

முதல் ஸ்கூட்டர் இடதுபக்கம் திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. பிறகு ஒரு வேன், ஒரு லாரி, மூன்று பேர் உட்கார்ந்த மோட்டார் சைக்கிள் ஒன்று. நாய் அலறியடித்துக்கொண்டு ஓடியது. அவருக்குக் கோடு போடக் கை போதவில்லை.

பத்து மணிக்கு வந்த தலைமைப் பொறியாளர் நோட்டை வாங்கிப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். நூற்றுக்கு அறுபத்தெட்டு.

"யோவ், உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். ஒரு தடம் எப்படிய்யா போதும்? இன்னைக்கே ரெண்டாவதும் போடு. இனிமே ஊர்ல இருக்கற பதினாறு சந்திப்பும் உன் பொறுப்பு."

பொறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டு, "அந்த அறுபது பேரும் வந்துட்டாங்கம்மா! கூட எட்டுப் பேரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க!" என்று நடுச்சாலையில் கத்தினார். அதற்குள் ஆட்கள் வெள்ளைப் பெயிண்ட் வாளியைத் திறந்து இரண்டாவது அம்பை வரைய ஆரம்பித்திருந்தார்கள்.

தொண்டை வறண்டு, முனையிலிருந்த பங்க்சர் கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். கடைக்காரர் பதறி எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சொம்பை நீட்டினார்.

"இன்னைக்கு எத்தனை பேர் சார் மாட்டினாங்க?"

"மாட்டினாங்களா?"

"ஃபைன் எழுதத்தானே சார் நிக்கறீங்க? போன மாசமும் பார்த்தேன், இந்தப் பச்சைச் சட்டையும் நோட்டும் கண்ணுல பட்டதுமே பாதிப் பேரு இடதுபக்கம் திரும்பித் தப்பிச்சு ஓடிடறானுங்களே!"