பரஸ்பர உடன்பாடும் மட்டன் ரோலும்

மொன்றியலில் கால்பந்தைக் கெடுக்கவென்றே ஒருவர் பிறந்திருந்தார் என்றால் அது எங்கள் மனேச்சர் அண்ணைதான். அவர் பந்தைக் காலால் தொட்டு நாங்கள் கண்டதில்லை. ஆனாலும் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்ப் பெடியளின் குழுவுக்கு அவரே தலைவர். உடுப்பு வாங்கித் தந்தவர் வேறு யார்?

கனடாவுக்கு வருமுன் இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஏதோவொரு சின்ன ஊரில் இருந்தாராம். அந்த ஊர்க் கழகம் நாலாம் பிரிவின் அடியில் கிடந்தது. மனிதர் அதைத்தான் கும்பிட்டார். அங்கே சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை பத்து மணி. தான் வேலை செய்த டெப்பனரை, அதுதான் மூலைப் பலசரக்குக் கடையை, பூட்டிவிட்டுக் கணினிக்கு முன்னால் குந்திவிடுவார். பால் வாங்க வந்த சனம் பனிக்குள் நிற்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு பனிக்காலம். அந்தக் கழகம் தன் பயிற்சியாளரை, அங்கே மனேச்சர் என்பார்கள், வேலையால் நிற்பாட்டியது. மறுநாளே அண்ணை எங்களிடம் வந்தார்.

"அங்கை மாத்திப்போட்டாங்கள். நாங்களும் மாத்த வேணும்."

"நாங்கள் வெண்டுகொண்டெல்லோ இருக்கிறம்?"

"அது வேறை."

டாக்சி ஓடும் தர்மு, தானும் எங்களோடு ஆடி மூன்று ஆட்டம் வென்று தந்த பயிற்சியாளர், அன்றே போனான். அடுத்தது நான். சரியாகப் பதினேழு நாள். அங்கே இரண்டாவது ஆளும் போக, அண்ணை ஒரு கையில் கடிதமும் மறு கையில் மட்டன் ரோல் பையுமாக என் வீட்டுப் படியேறினார். அந்த இங்கிலாந்துக் கழகத்தின் இணையத்தளத்தில் இருந்ததைத் தமிழாக்கியிருந்தார்: பரஸ்பர உடன்பாட்டின்படி பிரிகிறோம்.

"எனக்கு உடன்பாடு இல்லை அண்ணை."

"கடிதத்திலை இருக்குத்தானே. ரோலைச் சூட்டோடை சாப்பிடும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாப்பிட்டேன்.

மூன்றாவதாக வந்த, எங்கள் கோல்காப்பாளனின் மச்சானும் ரோல் வாங்கிக்கொண்டு போனான். பிறகு ஒருவரும் முன்வராததால் அண்ணையே பயிற்சியாளரானார். குரங்கு கைப் பூமாலையாக எங்கள் குழு கடைசி இடத்துக்கு வந்தது. கடைசி ஆட்டத்தில் வெல்லாவிட்டால் லீக்கை விட்டே வெளியேற்றம்.

அதற்கு முதல் நாள் இங்கிலாந்துக் கழகம் பிரிவிலிருந்து இறங்கி, நாலாவது மனேச்சரையும் கலைத்தது. இனி என்ன செய்வார் பார்ப்போம் என்று நான் ஆசையோடு போனேன். எங்கள் ஆட்டம் நடக்கும் உள்ளரங்க வாசலில் ஒரு கடிதம் நீட்டினார். தன்னைத்தானே பரஸ்பர உடன்பாட்டின்படி நீக்கியிருந்தார். ரோல் பையும் அவர் கையிலேயே.

"இனி நீர் பாரும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அந்தக் கழகம் உங்களுக்கு அப்பிடி என்ன செய்தது அண்ணை?"

"அந்த ஊரிலை என்னோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கோல் விழுந்தா மட்டும் பக்கத்திலை நிக்கிறவன் கட்டிப்பிடிப்பான்," என்றார். "அவங்கள் அடிக்கிறதே வருசத்துக்கு அஞ்சாறு."

நீக்கப்பட்டவர் உள்ளே இருக்கக்கூடாதாம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நான் தர்முவைத் திரும்பவும் ஆட இறக்கினேன். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்க அவன் கோல் போட்டான். அந்த ஒரு கோலோடு வெற்றி, விசில்.

எல்லோரும் தர்முவின் மேல் விழுந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் மனிதர் தனியே நின்றார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். ரோல் பை நடுவில் நசுங்கியது.

"சேட்டெல்லாம் எண்ணெய்," என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை.