மௌனத்தில் வந்த மீட் பை

ஓல்டாம்,
மார்ச் 9, 1965

மதிப்புக்குரிய எட்னா அக்காவுக்கு,

உன் தம்பி வில்ஃபிரட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை உட்பட எல்லோரும் சௌக்கியம். மோர்கேமில் உன் முழங்காலும், உன் விடுதியில் தங்குகிறவர்களும் ஒழுங்காக நடந்துகொள்வதாக நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை டோரின் போனில் சொல்லியிருப்பாள். என் மனைவி சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை என்னிடம் கேள். என் மகன் கிளைவின் பாட்டுக் கோஷ்டியை (நாலு பையன்கள், இறுக்கமான கோட்டு, தேவைக்கு மேல் தலைமுடி) கேட்பதற்காக, லண்டன் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து பெல்லமி என்பவர் எங்கள் தொழிலாளர் மன்றத்துக்கு வந்தார். அவருக்குப் பிடித்தால் இசைத்தட்டு. பிடிக்காவிட்டால் கிளைவ் திங்கட்கிழமையே பஞ்சாலைக்கு. இதற்கென்றே அவன் வைத்திருந்தது ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பாட்டு, சோல் என்கிற வகை. லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய தட்டு. அதில் பாடுகிறவன், போய்விட்ட காதலியைத் திரும்பி வரச் சொல்லி, தேவாலயப் பிரசங்கம்போல் கதறுவான். கதறல் உச்சிக்குப் போனதும் எல்லா வாத்தியமும் பட்டென்று நின்றுவிடும். நாலு மூச்சு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் டிரம் இடி, மறுபடி கதறல். ஆறு வாரம் எங்கள் முன்னறையில் ஒத்திகை. ஒவ்வொரு தடவையும் பாட்டு முடிந்ததென்று நினைத்து நான் அங்கே கைதட்டிவிடுவேன்.

"அப்பா, பாட்டு இன்னும் முடியலப்பா! அந்த மௌனம்தான் பாட்டே. அங்க ஒருத்தர் இருமினாக்கூடப் போச்சு!"

"நான் ஏன்டா இருமப் போறேன்?"

நான் இருமவில்லை, அக்கா. அதை மட்டும் குறித்துக்கொள்.

ஆனால் நான் மன்றத்தின் நிகழ்ச்சிச் செயலாளர். பத்தொன்பது வருஷமாக ஞாயிறு மதியம் மேடையோரம் மைக்குக்குக் காவல் இருப்பவன். அடுமனையிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை வந்ததும் அறிவித்தாக வேண்டும், மேடையில் யார் இருந்தாலும் சரி. வருவது அறுபது, காத்திருப்பது நூற்றிருபது வாய். இருந்தாலும் நான் பண்பாளன், பாடும்போது குறுக்கிட மாட்டேன், சத்தம் நிற்கும்வரை பொறுப்பேன். அன்றைக்குக் கிளைவ் மண்டியிட்டு உருகுகிறான், எனக்கே கண் கலங்குகிறது, அந்த நேரம் பார்த்துச் சமையலறை சிட் தட்டோடு பின்கதவில் நிற்கிறான், ஆவி பறக்கிறது, அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், பாட்டு பட்டென்று நிற்கிறது, மூளை வேண்டாம் என்கிறது, பத்தொன்பது வருஷத்துக் கால் எழுந்துவிட்டது.

"பெருமக்களே! மீட் பை வந்தாச்சூ!"

டிரம் இடித்தபோது சபையே எழுந்து நின்றது, அக்கா. பின்கதவைப் பார்த்து. மீதிப் பாட்டைக் கிளைவ் முதுகுகளுக்குத்தான் பாடினான். "ஏ வில்ஃப், ஒன் மவனைக் கொஞ்சம் மெதுவாக் கதறச் சொல்லு, எத்தனை மிச்சம்னு காதுல விழல!" என்று வரிசையிலிருந்து கத்தினாள் ஆக்னஸ். பெல்லமி ஏதோ குறித்துக்கொண்டார், ஒரு மீட் பை வாங்கினார், தின்றுகொண்டே ரயிலுக்குப் போய்விட்டார்.

"ஒரு வார்த்தையாவது திட்டுடா" என்றேன் வீட்டில்.

"திட்டலாம். நடுவுல மூச்சு விட்டா நீங்க ஏதாவது அறிவிப்பீங்க."

அதுதான் அவன் பேசிய கடைசி வார்த்தை. மைக்கைச் செயற்குழுவிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி எந்த மேடையிலும் வாய் திறப்பதில்லை என்று டோரின் முன்னால் பைபிளில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் வாழ்வில் மண்ணைப் போட்டவனுக்குக் குரல் ஒரு கேடா? கிளைவ் நாளை உன்னிடம் வருகிறான். கொஞ்ச நாள் கடற்காற்று வாங்கட்டும்.

அத்தானுக்கும் பூனைக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் கூரையையும் வாடகைக்காரர்களையும் காப்பாராக.

வாயால் கெட்ட உன் தம்பி,
வில்ஃபிரட்

பின்குறிப்பு: கிளைவை ரயிலேற்றிவிட்டு வந்து உறையை ஒட்டப் போகையில் பெல்லமியின் கடிதம். இப்படிப்பட்ட கோஷ்டி லண்டனில் தெருவுக்கு நாலு இருக்கிறதாம். ஆனால் அந்த மௌனத்தில் ஒரே கூவலில் சபையையே எழுப்பினாரே ஒரு பெரியவர், அப்படியொரு உருக்கத்தை அவர் அமெரிக்காவில்கூடக் கேட்டதில்லையாம். அவரை மட்டும் அனுப்ப முடியுமா என்கிறார். வெள்ளிக்கிழமை போகிறேன். டோரின் என் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கிளைவைக் கொஞ்சம் அதிக நாளே வைத்துக்கொள், அக்கா. உன் விடுதி ரேடியோவை மட்டும் ரிப்பேருக்குக் கொடுத்துவிடு.