பெரியநாயகசாமியின் கெண்டைக்கால்

மனிதனுடைய மூளை மண்டைக்குள் இருக்கிறது என்ற மூடநம்பிக்கையைத் திருக்காட்டுப்பள்ளியில் ஒழித்துக்கட்டிய பெருமை, டொராண்டோவில் வேலை பார்க்கும் ரெமிஜியஸையே சேரும். வயதானவர்களுக்குக் கால் தசை வற்றினால் புத்தியும் வற்றும் என்று அவன் கைப்பேசியில் ஓர் 'ஆராய்ச்சி' படித்தான். அன்று முதல் அவனுடைய அப்பா பெரியநாயகசாமியின் மூளை கெண்டைக்காலுக்குக் குடிபெயர்ந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பேத்தி ஷீபாவைப் பெரியவர் வாய் தவறி 'சான்ட்ரா' என்று மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். மெல்போர்னிலிருந்து மகள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. வரப்பு வழுக்கும், வயல் பக்கமே நடக்கக் கூடாது என்று ஏற்கெனவே அவரை வீட்டில் உட்கார்த்திவைத்த பிள்ளைகள், இப்போது கூடத்தில் நடப்பதற்கு ஒரு ட்ரெட்மில் வாங்கி அனுப்பினார்கள். எங்கேயும் போய்ச் சேராமல் நடப்பதில்தான் எத்தனை பாதுகாப்பு!

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வீடியோவில் 'குடும்பக் கூட்டம்' கூடும். மனைவி பாத்திமா மேரி தையல் டேப்போடு வந்து நிற்பார்.

"வேட்டியத் தூக்குங்க."

"பிள்ளைங்க பாக்குதுங்க மேரி, மானம் போவுது."

"அதுங்க உங்க மூளையத்தாங்க பாக்குதுங்க. நல்லா நீட்டுங்க!"

பெரியநாயகசாமி நீட்டினார். அவருக்கு உள்ளூர ஒரே பயம். மறதிக்காரர் என்று பட்டம் கட்டிவிட்டால், ஆற்றோரத்து வயல் தன் கையை விட்டுப் போய்விடுமே! அந்த வயலுக்காகவே மனுஷன் வேர்க்க விறுவிறுக்க மிஷின்மேல் நடந்தார்.

ஒரு ஞாயிறன்று டேப் நற்செய்தி அறிவித்தது. கெண்டைக்கால் பெருத்திருந்தது. சான்ட்ரா கை தட்டினாள். ரெமிஜியஸ் உடனே விஷயத்துக்கு வந்தான்.

"அப்பா, இப்ப நீங்க நல்லாத் தெளிவா இருக்கீங்க, இனி உங்க கையெழுத்து செல்லும். அடுத்த வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடலாம். வயல வாங்க ஆள் ரெடி. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

பெரியவர் நீட்டிய காலைத் தரையில் ஓங்கி ஊன்றினார்.

"யார் வயல யாரு விக்கிறது? நான் இருக்கிற வரைக்கும் மாட்டேன்டா! நாளைலேருந்து அந்த வரப்புலதான் நடக்கப்போறேன், போ!"

இரண்டு கண்டங்களும் திரைக்கு நெருங்கி வந்து அந்தக் காலை இன்னொரு முறை உற்றுப் பார்த்தன.

"அண்ணா, காலு நல்லாத்தானே பெருத்திருக்கு?" என்று விசும்பினாள் சான்ட்ரா.

ரெமிஜியஸ் பதறிப்போய்க் கத்தினான்: "அம்மா, மொதல்ல அந்த மிஷின நிறுத்துங்க! கையெழுத்துப் போடற அளவுக்கு வளந்தாப் போதும்னு பாத்தா, மாட்டேன்னு சொல்ற அளவுக்கு வளந்துடுச்சு!"