வேட்டியோட வந்த குட்டிச் சட்டை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதாங்க. பென்னாகரத்துல பஸ் ஏறி, கம்பைநல்லூர்ல இருக்கிற மாமனார் வூட்டுக்குப் போயி, என் பொண்ணுக்குப் பேர் வெக்கிற எடத்துல ஒரு சட்டையைக் குடுக்கணும்.

அவ்வளவுதான்.

சட்டைன்னா பெரிய சட்டை இல்ல. பச்சக்கொழந்தை சட்டை. ரெண்டு உள்ளங்கையைச் சேத்து விரிச்சா அதுலயே அடங்கிப்போவும். நானே கையால தெச்சது.

சிரிக்காதீங்க. சிரிக்கிறதுக்கு இன்னும் நெறைய இருக்கு.

ரெண்டாவது உலகச் சண்டை நடந்த காலம் அது. எம் பொண்டாட்டி செல்லம்மா தலைப்பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிட்டா. எனக்குப் புளி மண்டியில வேலை. சாயந்தரம் மண்டியைச் சாத்துனா, வூட்டுல நானும் செவுரும்தான். செவுரு பேசாது. நான் பேசுனாலும் கேக்காது.

சீட்டாட்டம் வராது. பாட்டு வராது. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை ஊசி புடிக்கிறது. மண்டியில மூட்டை வாய் தெக்கிறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல. ரெட்டை நூலு, முடிச்சு மேல முடிச்சு. நான் தெச்ச மூட்டை சேலம் வரைக்கும் மாட்டு வண்டியில குலுங்கிட்டுப் போனாலும் ஒரு புளியங்கொட்டை வெளிய எட்டிப் பாக்காது.

'மூட்டையே தெக்கறோம், குட்டிச் சட்டை தெக்க மாட்டமா?'ன்னு ஒரு நாள் தோணுச்சு பாருங்க. அங்க புடிச்சுது சனி.

துணிக்கு எங்க போறது? எல்லாத்துக்கும் கன்ட்ரோல், சர்க்காரு அளந்து குடுக்கறதுதான். கடையில துணி வந்தா அன்னிக்கு ஊருக்கே திருவிழா. எங்கிட்ட இருந்தது ரெண்டு நல்ல வேட்டி. அதுல பழசை எடுத்து வெட்டிட்டேன். தொவைச்சுத் தொவைச்சுப் பூ மாதிரி ஆயிருந்த வேட்டி.

மொத சட்டை பக்கத்து வூட்டு ருக்குமணியக்கா கொழந்தைக்கு. அக்காதான் கத்திரிக்கோல் குடுத்தாங்க, அந்த நன்றிக்கு. சட்டையைத் தலை வழியாப் போட்டோம். அது தோள்ல நிக்கவே இல்ல, நேரா இடுப்புக்கு எறங்கிருச்சு.

"தம்பி, இது சட்டையா, பாவாடையா?"

"ரெண்டுக்கும் ஆவுங்க்கா"ன்னு சமாளிச்சேன்.

அடுத்த சட்டையில ஒரு கை முன்பக்கம் போயிருச்சு, ஒரு கை பின்பக்கம் போயிருச்சு. அதை மாட்டிவுட்டா, கொழந்தை யாரையோ காணோம்னு திரும்பித் தேடற மாதிரியே இருந்துச்சு.

ஆனாலும் ஆசை வுடல. மண்டி முடிஞ்சதும் கால் தானா வூட்டுக்கு ஓடும். ஊசியில நூலைக் கோத்து உக்காந்தா, பசிக்கிறதுகூட அப்பறம்தான் தெரியும்.

அப்பதான் பொண்ணு பொறந்திருக்குன்னு சேதி வந்துச்சு. நான் தெக்கறதைச் செல்லம்மாகிட்ட மூச்சு வுடல. பேர் வெக்கிற அன்னிக்குக் கொண்டுபோயி அசத்திப்புடணும். மாமனார் வேற, பொண்ணு கேட்டுப் போன அன்னிக்கே "மண்டியில மூட்டை தெக்கற பையனா?"ன்னு மூஞ்சியைச் சுளிச்ச மனுசன். அவரு முன்னாடி ஒரு தடவையாவது நெஞ்சை நிமித்தி நிக்கணும்.

'இந்தத் தடவை கழுத்து பெருசாப் போவக்கூடாது'ன்னு கணக்காச் சின்னதா வெட்டுனேன். ரொம்பக் கணக்காத்தான் வெட்டுனேன்.

அந்த நாளும் வந்துச்சு. காலையில குளிச்சு, மிச்சமிருந்த ஒரே நல்ல வேட்டியைக் கட்டி, சம்மணம் போட்டு உக்காந்தேன். சட்டைக்குக் கீழ் மடிப்பு மட்டும் பாக்கி. மடியில விரிச்சுப் போட்டு வேகவேகமாத் தெச்சேன். கடைசியில முடிச்சு. முடிச்சு மேல முடிச்சு. நூலைப் பல்லால கடிச்சேன்.

தெருமுனையில பஸ் ஆரன் அடிச்சுது.

எந்திரிச்சேன்.

சட்டையும் எங்கூடவே எந்திரிச்சுது!

வேட்டியும் வெள்ளை, சட்டையும் வெள்ளை, நூலும் வெள்ளை. எது எதுன்னு தெரியாம ரெண்டையும் சேத்துத் தெச்சுப்புட்டேன். சட்டை என் மடியில தொங்கிக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு 'என்னையும் தூக்கிக்கோ'ன்னுது.

இழுத்துப் பாத்தேன். அசையல. ரெட்டை நூலாச்சே! இன்னும் இழுத்தா வேட்டி கிழியும். வேற வேட்டி? அதைத்தான் வெட்டியாச்சே!

கத்திரிக்கோல் வாங்க ருக்குமணியக்கா வூட்டுக்கு ஓடுனேன். பூட்டிக் கெடந்துச்சு. திரும்ப ஓடியாந்து அருவாமனையை எடுத்து மடிக்கிட்ட கொண்டுபோனேன். கொண்டுபோன எடத்தைப் பாத்தேன். கழுவிக் கவுத்து வெச்சிட்டேன்.

மறுபடியும் ஆரன். பையையும் துண்டையும் எடுத்து, துண்டை மடி மேல போத்திக்கிட்டு ஓடிப்போயி பஸ்ல ஏறிட்டேன்.

பெட்ரோல் கெடைக்காத காலம்ங்க. பின்னாடி கரி அடுப்பு வெச்சு ஓட்டுற பஸ்ஸு. நடக்கறவன் நம்மளைத் தாண்டிப் போயி, அந்தாண்ட நின்னு பீடி பத்த வெப்பான்.

எனக்குப் பக்கத்துல கருவாட்டுக் கூடையோட ஒரு அக்கா. ஒகேனக்கல் பக்கத்துலேருந்து தர்மபுரிச் சந்தையில வித்துட்டு வரப் போறாங்க. கொஞ்ச தூரம் போனதும் என் மடியையே பாத்தாங்க. துண்டுக்கு வெளிய குட்டியா ஒரு கை நீட்டிக்கிட்டிருந்துச்சு. சட்டைக் கைதான்.

"தம்பி, கொழந்தை எத்தினி மாசம்?"

என்ன சொல்றது? கேட்டதுக்குப் பதில் சொன்னேன். "இன்னும் மாசம் ஆவலீங்க்கா. இன்னிக்குத்தான் பேர் வெக்கறோம்."

"அட, தூங்குதா? சத்தமே காணோம்."

"ம்."

"தாய் எங்க?"

"கம்பைநல்லூர்ல."

அக்கா முகம் மாறிப்போச்சு. "ஏன் தம்பி, தாய் கம்பைநல்லூர்ல இருக்கா, பச்ச மண்ணை நீ பென்னாகரத்துலேருந்து தூக்கிட்டு வர்றியா? பாலுக்கு என்ன பண்ணுது?"

முன்சீட்டுக்காரரு திரும்புனாரு. பின்சீட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு.

"துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கான் பாரு, மூச்சு முட்டிப்போவும்!"

"இவ்வளவு குலுக்கல்ல ஒரு கொழந்தை அழுவாம இருக்குமா? எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

"ஏங்க கண்டக்டரே! இங்க வாங்க!"

கண்டக்டரு வந்தாரு. "துண்டை எடுய்யா."

"வேணாங்க."

"எடுய்யாங்கறேன்!"

"குடும்ப விசயங்க..."

அக்கா பொறுக்கல. படக்குனு துண்டை இழுத்துட்டாங்க.

பஸ்ஸே எந்திரிச்சு நின்னு என் மடியைப் பாத்துச்சு. சட்டை இருக்கு. கொழந்தை இல்ல.

"ஐயையோ! கொழந்தை எங்கடா?"ன்னு அக்கா கத்துன கத்துல டிரைவரு பிரேக்கு போட்டுட்டாரு. ஒருத்தரு குனிஞ்சு சீட்டுக்கு அடியில தேடறாரு!

வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். நான் தெச்சது, சேத்துத் தெச்சது, வேட்டி வெட்டுனது. சொல்லி முடிச்சேன். அப்பறம் சிரிச்சாங்க பாருங்க, பஸ் நின்னுக்கிட்டே குலுங்குச்சு.

அதோட போச்சா? பிரேக்கு போட்ட பஸ்ஸு மறுபடி கெளம்ப மாட்டேன்னுருச்சு. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" எறங்கித் தள்ளுனோம். ரெண்டு கையும் பஸ்ல, துண்டு தோள்ல, முன்னாடி சட்டை காத்துல கை வீசுது. ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவரு ஒருத்தரு மேட்டுல நின்னு கேக்கறாரு: "ஏனுங்க, அது என்ன வேண்டுதலுங்க?"

பஸ் கெளம்புனதும் அக்காவுக்கு என் மேல எரக்கம் வந்துச்சு. கூடையிலேருந்து மீன் வெட்டுற கத்தியை எடுத்தாங்க. "கண்ணை மூடிக்க தம்பி. ஆடாத."

நான் ஆடல. பஸ்தான் ஆடுச்சு. குலதெய்வத்துப் பேரையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள சட்டையும் தனியா வந்துருச்சு, நானும் முழுசா இருந்தேன்.

ஆனா கத்தி கருவாட்டுக் கத்தி. சட்டையில கருவாட்டு வாசம். வேட்டியிலயும் கருவாட்டு வாசம். தர்மபுரியில எறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறேன், ஒரு நாய் வந்து பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியைப் பாசமாப் பாக்குது.

மாமனார் வூட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவரு மூக்கைத் தூக்குனாரு. மொகம் மலர்ந்துச்சு. கல்யாணமானதுலேருந்து என்னைப் பாத்து அந்த மனுசன் சிரிச்சது அன்னிக்குத்தான்.

"ஏய், மாப்ள ஒகேனக்கல் கருவாடு கொண்டாந்திருக்காரு! இன்னிக்கு ஆவாது, நாளைக்குக் கொழம்பு வெச்சிரலாம். எங்கங்க மாப்ள, குடுங்க."

"இல்லீங்க மாமா..."

"அட, வெக்கப்படாதீங்க." பையை அவரே வாங்கித் தொழாவுனாரு. அடி வரைக்கும் தொழாவுனாரு.

"வாசம் மட்டும்தான் மாமா கொண்டாந்தேன்"னேன். சிரிப்பு வந்த வழியே போயிருச்சு.

சரி, சட்டையைக் காட்டியாவது மானத்தைக் காப்பாத்திக்கலாம்னு துண்டுக்குள்ளேருந்து எடுத்து நீட்டுனேன். செல்லம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "நீங்களா தெச்சீங்க? நெசமாவா?"ன்னா. கண்ணு லேசாக் கலங்கிப்போச்சு. எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு.

"இதையே போட்டுப் பேர் வெச்சிரலாம்"னு சொல்லி, கொழந்தை தலையில மாட்டுனா.

தலை பாதி உள்ள போச்சு. அதோட நின்னுருச்சு.

மேலயும் வரல, கீழயும் போவல. மூக்கும் வாயும் வெளிய இருக்கு, அதனால வீல்னு கத்துது. கண்ணு, காது, நெத்தியெல்லாம் சட்டைக்குள்ள.

"நல்ல நேரம் போவுது!"ன்னாரு மாமனார். எங்க வழக்கத்துல தாத்தாதான் கொழந்தை காதுல பேரைச் சொல்லணும். அவரு குனிஞ்சாரு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. "ஏங்க மாப்ள, காது எங்கங்க?"

"உள்ளதாங்க மாமா இருக்கும்."

"நான் என்ன, கதவைத் தட்டியா பேர் வெக்கறது?"

வந்திருந்த சனமெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது. அவரே துணிக்கு மேலயே காதுன்னு ஒரு எடத்தைக் குத்துமதிப்பா முடிவு பண்ணி, "காவேரி, காவேரி, காவேரி"ன்னு கத்துனாரு. அது காதா, பின்மண்டையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அப்பறம் செல்லம்மா கழுத்துல ரெண்டு பக்கமும் வெரலை வுட்டு ஒரே இழு. சர்ருனு முன்பக்கம் கிழிஞ்சுது. தையல் பிரியல, துணிதான் கிழிஞ்சுது! காவேரி வெளிய வந்து, என்னைப் பாத்து, மறுபடியும் அழுதா.

செல்லம்மா கிழிஞ்ச சட்டையை அப்படியே கையில மாட்டிவுட்டு, முன்பக்கம் ரெண்டு நாடாவை வெச்சு முடிஞ்சா. கச்சிதமாப் பொருந்திருச்சு! கொழந்தை அதுலயே தூங்கிப்போச்சு.

"பச்சப்புள்ளைக்கு முன்னாடி தொறந்து, நாடா வெச்ச சட்டைதாங்க தெக்கணும்"னா செல்லம்மா.

"அதை நீ மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க தெக்கறீங்கன்னு எனக்கு யாருங்க சொன்னா?"

அன்னிக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேங்க. கட்டுனவளுக்குத் தெரியாம தப்பு வேணா பண்ணலாம், நல்ல காரியம் மட்டும் பண்ணவே கூடாது.